வீட்டுக்குள்ள 400 லிட்டர் கடல்

இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆணி அதிகம். தீசிஸ் எழுதுறேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன், அது எந்த லட்சணத்துல போகுதுங்கிறது தனிக்கதை. இன்னைக்கு எழுதப்போறது ரொம்ப நாளா தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம்.

பெர்லின்ல ஒரு பையன் சனிக்கிழமை ராத்திரி ஆனா ஊர் சுத்தப் போகாம பிளாஸ்டிக் தொட்டியில உப்பு கரைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, அவனுக்கு மறை கழண்டு போச்சுன்னுதான் யாரும் நினைப்பாங்க. காலேஜ் நண்பர்கள் அப்படித்தான் நினைக்கிறாங்க. அம்மா ஒரு படி மேல. "ஏய்யா, அந்தப் பெரியவரு வீட்டு மீனுக்குத் தண்ணி மாத்தவா உன்ன கடன் வாங்கி ஜெர்மனிக்கு அனுப்புனோம்?" நியாயமான கேள்விதான். ஆனா அது மீன் மட்டும் இல்ல.

சுருக்கமா கொசுவத்தி சுத்திடுறேன். 2023 அக்டோபர்ல இங்க வந்து இறங்குனேன். பெர்லின்ல ரூம் கிடைக்கிறது என்ன பாடுன்னு இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். நாப்பது அம்பது பேருக்கு மெயில் போட்டு, கடைசியா ஒரு பெரியவர் வீட்டு மாடி ரூம் கிடைச்சுது. வயசு 74, தனியா இருக்கார். வாடகையில 80 யூரோ குறைச்சுக்குவார், ஆனா ஒரு நிபந்தனை. ஹால்ல இருக்கிற தொட்டி வேலைக்கு ஒத்தாசை பண்ணணும். இடுப்பு வலியில அவரால வாளி தூக்க முடியல. மீன் தொட்டிதானே, என்ன பெரிய வேலைன்னு தலையாட்டிட்டேன்.

ஹாலுக்குள்ள போய்ப் பாத்ததும் வாயடைச்சுப் போச்சு. நீலமும் ஊதாவுமா விளக்கு. ரெண்டு கோமாளி மீன் (அதாங்க, நீமோ), மஞ்சள்ல ஒரு மீன், கண்ணாடிக்குச்சி மாதிரி ஒரு இறால். இது எல்லாம் சும்மா துணை நடிகர்கள். தொட்டி முழுக்க பவளம். உயிரோட. நடுவுல, நம்ம ஊர் சோத்துப்பானை மூடி அகலத்துக்கு, மான்கொம்பு மாதிரி கிளை கிளையா வெளிர் ஊதா நிறத்துல ஒண்ணு. அக்ரோபோராங்கிற வகை. 2006-ல அவர் மனைவி ஒரு நண்பர்கிட்ட இருந்து விரல் நுனி அளவு துண்டா வாங்கிட்டு வந்து ஒட்டி வச்சதாம். அந்தம்மா 2019-ல காலமாயிட்டாங்க. பவளம் வளந்துக்கிட்டே இருக்கு. இதைச் சொல்லும்போது அவர் குரல்ல எந்த மாற்றமும் இல்ல, தொட்டியையே பாத்துக்கிட்டுச் சொன்னார். எனக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியாம "அழகா இருக்கு"ன்னு மட்டும் சொல்லி வச்சேன்.

எனக்குள்ள ஒரு மிதப்பு உண்டு. நான் தூத்துக்குடிக்காரன். தாத்தா உப்பளத்துல வேலை பாத்தவர். உப்புத்தண்ணி பத்தி ஒரு ஜெர்மன்காரர் எனக்குச் சொல்லித்தரப் போறாரான்னு ஒரு நினைப்பு.

அந்த மிதப்புக்கு முதல் வாரத்துலயே ஒரு சின்ன அடி. தொட்டியில தண்ணி கொஞ்சம் குறைஞ்சிருந்துது. ஒரு நாளைக்கு நாலு லிட்டர் வரைக்கும் ஆவியா போயிடும். நான் பாட்டுக்கு உப்புத்தண்ணி கலந்து ஊத்தப் போனேன். பெரியவர் கையைப் பிடிச்சு நிறுத்தினார். "எது போச்சோ அதை மட்டும்தான் திருப்பித் தரணும். போனது தண்ணி. உப்பு போகல." அட, இது உப்பளத்துக்காரன் பேரனுக்குத் தெரியாதா? வெயில்ல தண்ணி போய் உப்பு மிஞ்சுறதுதானே எங்க ஊர் பொழைப்பே! வெக்கமாப் போச்சு. வத்துன தண்ணிக்கு நல்ல தண்ணி, மாத்துற தண்ணிக்கு உப்புத் தண்ணி. அன்னைக்கு மண்டையில ஏறினது இன்னைக்கு வரை இறங்கல.

நல்ல தண்ணின்னு சொன்னேன், குழாய்த்தண்ணி இல்ல. பெர்லின் குழாய்த்தண்ணி குடிக்க அருமையா இருக்கும், ஆனா கடினநீர். கெட்டிலுக்குள்ள மூணே வாரத்துல வெள்ளைப் படலம் கட்டிடும். அதுல இருக்கிற நைட்ரேட்டு, சிலிகேட்டு எல்லாம் தொட்டிக்குள்ள போனா பாசிக்கு விருந்து வச்ச மாதிரி. செம்பு கொஞ்சூண்டு கலந்தாக்கூட இறாலும் பவளமும் தாங்காது. அதனால ஆர்.ஓ. மெஷின். நம்ம ஊர்ல சமையல்கட்டுச் செவுத்துல தொங்குமே, அதேதான். கடைசியில கூடுதலா ஒரு பிசின் குழாய் இருக்கும். மீட்டர்ல பூஜ்யம் காட்டணும். பூஜ்யம்னா பூஜ்யம், ரெண்டு மூணுன்னு காட்ட ஆரம்பிச்சாலே பிசினை மாத்திடுவார். ஒரு லிட்டர் எடுக்க மூணு லிட்டர் வீணா வெளிய போகும். குடத்தை வரிசையில வச்சுத் தண்ணி பிடிச்ச ஊர்ல இருந்து வந்தவனுக்கு அதைப் பாக்கப் பொறுக்கல. அந்தத் தண்ணியைத்தான் தோட்டத்துக்கும் கக்கூசுக்கும் ஊத்துறோம்னு அவர் காமிச்ச பிறகுதான் மனசு ஆறுச்சு.

"கடல் தண்ணியையே கொண்டாந்து ஊத்த வேண்டியதுதானே"ன்னு ஒரு நண்பன் கேட்டான். பெர்லினுக்குக் கிட்ட இருக்கிறது பால்டிக் கடல். அதுல உப்பே பத்தாது, நம்ம கடலோட சேத்தா பாதி கூடத் தேறாது. அதனால கடையில விக்கிற பவளத்தொட்டி உப்பு. சமையல் உப்பு போட்டா கதை முடிஞ்சுது. கடல் தண்ணிங்கிறது வெறும் உப்பு கரைச்ச தண்ணி இல்ல. சேலஞ்சர்னு ஒரு கப்பல் 1872-ல கிளம்பி மூணரை வருசம் கிட்ட உலகத்துக் கடலெல்லாம் சுத்திச்சு. அது கொண்டுவந்த 77 கடல்நீர் மாதிரிகளை டிட்மார்ங்கிற வேதியியலாளர் ஆராய்ஞ்சு 1884-ல ஒரு முடிவு வெளியிட்டார். உப்பு கூடக் குறைய இருந்தாலும் அதுக்குள்ள சோடியம், மக்னீசியம், கால்சியம், சல்பேட் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு என்ன விகிதமோ, அது எல்லாக் கடல்லயும் ஒண்ணேதான். பவளம் பழகின தண்ணி அது. அந்த விகிதத்தைத்தான் பாக்கெட்ல அடைச்சு விக்கிறாங்க.

லிட்டருக்கு 38 கிராம் கிட்ட போட்டா (உப்பு ஈரத்தைப் பொறுத்தது) ஆயிரத்துக்கு 35 வரும், அடர்த்தி 1.026. எங்க தாத்தா அளத்துல கண்ணாடி மீட்டரை மிதக்கவிட்டு "டிகிரி" பாப்பார், கடல் தண்ணி 3 டிகிரி சொச்சம், 25 தொட்டா உப்பு விழும்னு சொல்வார். பெரியவர்கிட்ட இருக்கிறதும் கிட்டத்தட்ட அதே கண்ணாடி மீட்டர்தான். அதைப் பாத்ததும் எனக்கு என்னமோ பண்ணுச்சு. நிற்க. தண்ணியிலதான் உப்பைப் போடணும், உப்பு மேல தண்ணியை ஊத்தக்கூடாது. ஊத்தினா அடியில கெட்டியா இருக்கிற இடத்துல சுண்ணாம்பு பிரிஞ்சு வெள்ளையா நின்னுடும், திரும்பக் கரையாது. மோட்டார் போட்டு ராத்திரி பூரா சுத்த விட்டு, சூடு 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஞாயித்துக்கிழமை காலையில 40 லிட்டர் வெளிய, 40 லிட்டர் உள்ள. வாரம் பத்துல ஒரு பங்கு.

இனி அழுக்கு. மீன் திங்குது, கழியுது. அதுல வர்ற அம்மோனியா விஷம். ஒரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டா மாத்தும், அது பரவாயில்ல. புதுத் தொட்டியில இந்தக் கூட்டமெல்லாம் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும், அதுவரை மீன் விடக்கூடாது. அவசரக்காரங்க முதல் நாளே விட்டுட்டு மறுவாரம் தூக்கிப் போடுவாங்க. கடல்ல இருந்து எடுத்த ஓட்டைப் பாறைதான் இந்தக் கூட்டத்துக்கு வீடு. ஜகார்த்தாவுல லீ சின் எங்ன்னு ஒருத்தர், வடிகட்டி எதுவும் இல்லாம, பாறையும் காத்துக்குமிழியும் மட்டும் வச்சுப் பவளம் வளத்துக் காமிச்சு 1961-ல அதை எழுதினார். அப்புறம் இந்த ஊர்க்காரங்க அதே பாறையோட நுரை பிரிக்கிற மெஷினைச் சேத்துக்கிட்டாங்க. உலகம் பூரா அதுக்குப் பேரே பெர்லின் முறைதான். பெரியவருக்கு அதுல ஒரு கர்வம் உண்டு, வெளிய காட்டிக்க மாட்டார்.

நுரை மெஷின் வேற ஒண்ணுமில்ல. பருப்பு கொதிக்கும்போது மேல வர்ற நுரையை அம்மா கரண்டியால எடுத்துப் போடுவாங்கல்ல, அதே வேலை. பொடிப்பொடியா காத்து விட்டா அழுக்குப் புரதம் குமிழியில ஒட்டிக்கிட்டு மேல ஏறிக் கப்புல விழும். அந்தக் கப்பைக் கழுவுறது என் வேலை. நாத்தம்னா நாத்தம், பழைய கருவாட்டுக் கடையை அடச்சு வச்சுத் திறந்த மாதிரி. அவ்வ்வ்வ்.

ஒரு காலத்துல தண்ணியில நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமா இருக்கவே கூடாதுன்னு நினைச்சாங்களாம். அப்படி ஒரேயடியா துடைச்சா பவளம் பட்டினி கிடந்து வெளுத்துப் போகுதுன்னு பின்னாடிதான் புரிஞ்சுருக்கு. பெரியவர் நைட்ரேட் லிட்டருக்கு 5 மில்லிகிராம், பாஸ்பேட் 0.05 பக்கம் வச்சிருப்பார். சுத்தம்னா காலி இல்லன்னு சொல்வார்.

இது வரைக்கும் எனக்குச் சுலபமாத்தான் இருந்துது. கஷ்டமானது அடுத்தது.

பவளத்தோட எலும்பு சுண்ணாம்பு. தண்ணியில இருக்கிற கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான் கட்டுது. கடல் பெருசு, எடுக்க எடுக்கக் குறையாது. 400 லிட்டர்ல நாளுக்கு நாள் குறையும். கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் இருக்குன்னா ஒரு நாள்ல பெருசா தெரியாது. கார்பனேட் கையிருப்பு ரொம்பக் கொஞ்சம், அதுதான் முதல்ல கீழ போகும். அதுக்குப் பேர் கே.எச். இந்த அளவையே ஜெர்மன் டிகிரியிலதான் உலகமே அளக்குது. கடல்ல 7 கிட்ட இருக்கும். பெரியவர் தொட்டியில 8. மக்னீசியம் 1300, அது எதுக்குன்னா கால்சியமும் கார்பனேட்டும் கண்ட இடத்துல ஒண்ணு சேந்து சுண்ணாம்பா விழுந்துடாம நடுவுல நிக்கிறதுக்கு.

உப்பளத்துலயும் முதல்ல பிரியிறது சுண்ணாம்புதான், அப்புறம் ஜிப்சம், அதுக்கப்புறம்தான் உப்பு. கடைசியில மிஞ்சுற கசப்புத் தண்ணியில மக்னீசியம். தாத்தாவுக்கு வேதியியல் பேரெல்லாம் தெரியாது, வரிசை தெரியும். பவளத்தொட்டி அந்த வரிசையோட முதல் படிக்கட்டுலயே, விழவும் விடாம, பத்தாமலும் போகாம, தண்ணியை நிறுத்தி வைக்கிற வேலை.

எப்படி நிறுத்துறது? சுண்ணாம்புத் தண்ணி! வெத்திலைக்குத் தடவுற சுண்ணாம்பைக் கரைச்சுத் தெளிய வச்சா வருமே, அதேதான். இங்க அதுக்குக் கால்க்வாசர்னு பேர். ஆர்.ஓ. தண்ணி நாலு லிட்டருக்கு ஒன்றரை டீஸ்பூன் சுண்ணாம்பு, நல்லாக் கலக்கித் தெளிய விட்டு, மேல இருக்கிற தெளிவை மட்டும் ராத்திரி பூரா சொட்டு சொட்டா விடணும். ராத்திரியில தொட்டியோட பி.எச். தானா இறங்கும், சுண்ணாம்பு அதைத் தாங்கிப் பிடிக்கும். வத்துன தண்ணிக்குத் தண்ணியும் ஆச்சு, பவளத்துக்குச் சாப்பாடும் ஆச்சு. (குளிர்காலத்துல ஜன்னலை எல்லாம் சாத்தி வச்சா நம்ம மூச்சுக்காத்துலயே பி.எச். இறங்கிடும். ஜெர்மன்காரங்க மைனஸ் அஞ்சுலயும் ஜன்னலைத் திறந்து பத்து நிமிசம் காத்து விடுற பழக்கத்தைக் கிண்டல் பண்ணுவேன். தொட்டி மீட்டர்ல பி.எச். ஏறுறதைக் கண்ணால பாத்த பிறகு வாயை மூடிக்கிட்டேன்.)

எல்லாத்தையும் நோட்டுல பென்சிலால எழுதுவார். 2004-ல இருந்து எழுதுறார். கே.எச். கட்டத்தைப் பாத்தா 7.9, 8.0, 7.8, 8.0, 8.1... பக்கம் பக்கமா இதேதான். பாக்கவே சலிப்பா இருக்கும். "எண் அழகா இருக்கணும்னு இல்ல. 7-லயும் வாழும், 10-லயும் வாழும். நேத்து இருந்த மாதிரி இன்னைக்கு இருக்கணும்." அவர் சொன்னதை நான் நோட்டுல கூட எழுதி வச்சுக்கிட்டேன். எழுதி வச்சு என்ன பிரயோஜனம்னு இப்ப வரப்போகுது.

2024 பிப்ரவரி. பெரியவருக்கு இடுப்பு மூட்டு ஆபரேசன். ஆஸ்பத்திரி ஒரு வாரம், அப்புறம் நடைப்பயிற்சி இல்லத்துல மூணு வாரம். தொட்டி என் பொறுப்பு. கிளம்பும்போது ரெண்டே விஷயம் சொன்னார். தினமும் கே.எச். பாரு. எதுவா இருந்தாலும் மெதுவா.

அதே வாரம் எனக்குப் பரீட்சை. ரெண்டு நாள் கண்ணே தெரியல. சொட்டு விடுற டப்பாவுல தண்ணி ஊத்தினேன். சுண்ணாம்பு போட மறந்துட்டேன். ரெண்டு ராத்திரி வெறும் தண்ணியா சொட்டியிருக்கு. கே.எச்.சும் பாக்கல. மூணாம் நாள் ராத்திரி பத்தரைக்கு வந்து பாத்தா 6.2. சிரிஞ்சுல சொட்டு விட்டுக்கிட்டே வந்தா நீலத்தண்ணி மஞ்சளா மாறணும், அது வழக்கத்தை விடச் சீக்கிரமா மாறிடுச்சு. திரும்பப் பாத்தேன். 6.2.

இப்ப யோசிச்சா அது ஒண்ணும் பெரிய ஆபத்து இல்ல. மறுபடி சுண்ணாம்பைப் போட்டு, நாளைக்கு அரை அரையா ஏத்தியிருந்தா நாலஞ்சு நாள்ல 8-க்கு வந்திருக்கும். பவளம் எதுவும் வாடிக்கூட இல்ல. ஆனா எனக்குத் தெரிஞ்சது நோட்டு மட்டும்தான். இருபது வருசமா 8, 8, 8-ன்னு இருக்கிற கட்டத்துல என் கையெழுத்துல 6.2. அவர் வர்றதுக்குள்ள இல்ல, விடியிறதுக்குள்ள அதை 8 ஆக்கிடணும்னு ஒரு வெறி.

கே.எச். ஏத்த ஆப்ப சோடா போடலாம்னு படிச்சிருந்தேன். உண்மைதான். ஒரு டிகிரி ஏத்த லிட்டருக்கு 30 மில்லிகிராம். 400 லிட்டர், 1.8 டிகிரி, கணக்குப் போட்டா 22 கிராம் சொச்சம் இல்லாம வருது. அலமாரியில ரெண்டு டப்பா. ஒண்ணுல "நாட்ரோன்", இன்னொண்ணுல "சோடா". பெரியவர் கையெழுத்து. ஆப்ப சோடா தேடுற தமிழன் எதை எடுப்பான்? சோடாவைத்தான் எடுப்பான். எடுத்தேன்.

இங்க நாட்ரோன்னாதான் ஆப்ப சோடா, அதாவது பைகார்பனேட். சோடான்னா சலவை சோடா, கார்பனேட். அதே எடைக்கு ஒன்றரை மடங்குக்கு மேல ஏத்தும், பி.எச்.சையும் சேத்துத் தூக்கும். போதாக்குறைக்கு 400 லிட்டர்ங்கிறது தொட்டியோட அளவு. பாறையும் மணலும் போக உள்ள இருக்கிற தண்ணி 350 தான். அதையும் கணக்குல எடுக்கல. கரைச்சு அடித்தொட்டியில ஒரே மூச்சா ஊத்தினேன். ஊத்தின இடத்துல பால் மாதிரி வெள்ளைப்புகை கிளம்புச்சு. அப்பவாவது புத்தி வந்திருக்கணும். சுண்ணாம்பு பிரியிற வெள்ளை அது, தாத்தா பேரனுக்குத் தெரிஞ்சிருக்கணும். தூங்கப் போயிட்டேன், நிம்மதியா வேற.

காலையில 9.1.

பவளத்தோட நுனியெல்லாம் தீஞ்ச மாதிரி வெளுத்திருந்துது. நல்லா இருக்கும்போது பாத்தா மேல பஞ்சு மாதிரி சின்னச் சின்னக் கைகள் நீட்டிக்கிட்டு இருக்கும், ஒண்ணு கூட வெளிய இல்ல. மீனெல்லாம் வழக்கம் போல சாப்பாடு கேட்டுக்கிட்டு சுத்துதுங்க, அதுங்களுக்கு ஒண்ணும் ஆகல.

ஆஸ்பத்திரிக்கு எப்படி போன் பண்றது? ஆபரேசன் ஆகி மூணு நாள் ஆன மனுசன். சொல்லாம விட்டுடலாமான்னு ஒரு மணி நேரம் மாடிப்படியில உக்காந்திருந்தேன். பொய் சொல்லல, உண்மையாவே அந்த எண்ணம் வந்துச்சு. அப்புறம் பண்ணினேன். அரைகுறை ஜெர்மன்ல, எதை மறந்தேன், எதை ஊத்தினேன்னு எல்லாம் சொன்னேன். அந்தப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்ல. திட்டுவார்னு நினைச்சேன்.

"இப்ப எவ்வளவு இருக்கு?"

"9.1."

"சரி. இனி எதையும் ஊத்தாதீங்க. குறைக்கவும் முயற்சி பண்ணாதீங்க. சுண்ணாம்பை நிறுத்துங்க, அதுவா 8-க்கு இறங்கட்டும். கரி வடிகட்டி மட்டும் போடுங்க. சோடா டப்பாவை வேற அலமாரிக்கு மாத்துங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சது என் தப்பு."

அவ்வளவுதான். போனை வச்சதும் எனக்கு அழுகை வந்துடுச்சு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சும்மா இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அந்த மூணு நாள் தெரிஞ்சுது. கே.எச். 8.9, 8.5, 8.2. தண்ணி தானா சரியாயிட்டு வருது, பவளம் சரியாகல. மூணாம் நாள் அடிப்பக்கத்துல இருந்து தோல் உரிய ஆரம்பிச்சுது. பவளம் வெளுக்கிறதுன்னு நியூஸ்ல சொல்வாங்களே, அது வேற. அதுல உள்ள குடியிருக்கிற பாசி வெளியேறிடும், தோல் இருக்கும், பொழைக்க வாய்ப்பு உண்டு. இது தோலே சல்லாத்துணி மாதிரி கிழிஞ்சு தண்ணியில போகுது. போன இடத்துல வெள்ளை எலும்பு. சாயங்காலம் விரல் அகலம் இருந்தது காலையில மூணு விரல்.

பெரியவர் வீடியோவுல பாத்தார். படுக்கையில சாஞ்சுக்கிட்டு, கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு, ரொம்ப நேரம் பாத்தார். "வெட்டுங்க"ன்னார். உரிஞ்ச கோட்டுக்கு நல்லா மேல, நிறம் மாறாத கிளையா பாத்து. கட்டிங் பிளேயர் மாதிரி ஒரு கத்தரி இருக்கு அதுக்குன்னே. அந்தம்மா பதினெட்டு வருசத்துக்கு முன்னால ஒட்டினதை நான் படக் படக்னு ஒடிக்கிறேன், கை நடுங்குது, அவர் போன்ல "இன்னும் கொஞ்சம் மேல, ஆமா, அங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கார். பதினோரு துண்டு. ஃபெவிக்விக் மாதிரிப் பசைதான், கெட்டியா வர்றது, தண்ணிக்குள்ளயும் பிடிக்கும். பீங்கான் வில்லைகள்ல ஒட்டி, வெளிச்சம் குறைவா இருக்கிற மூலையில வரிசையா வச்சேன்.

பெரிய பவளம் அந்த வாரக்கடைசிக்குள்ள முழுசா போயிடுச்சு. பதினொண்ணுல நாலும் போயிடுச்சு. ஏழு நின்னுது.

மார்ச் நடுவுல ரெண்டு ஊன்றுகோலோட வந்து இறங்கினார். கோட்டைக் கூடக் கழட்டாம தொட்டி முன்னால போய் நின்னார். நடுவுல அந்த வெள்ளை எலும்பு அப்படியே இருக்கு, எடுக்க எனக்குத் துணிச்சல் வரல. அதுல பச்சையா பாசி படிய ஆரம்பிச்சிருந்துது. அப்புறம் மூலையில இருக்கிற ஏழையும் குனிஞ்சு பாத்தார், குனியக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தும். "நுனி வெள்ளையா இருக்கு பாருங்க. இது நல்ல வெள்ளை, வளர்ற நுனி"ன்னார். நோட்டை எடுத்தார். 6.2, 9.1 ரெண்டையும் நான் அழிக்காம வச்சிருந்தேன். பாத்துட்டு மூடி வச்சுட்டார். எலும்பை எடுக்கட்டுமான்னு கேட்டேன். "வேண்டாம், மீன் அதுக்குள்ளதான் தூங்குது."

ஏழுல மூணை அவரோட சங்கத்து நண்பர்கள் வீட்டுக்குக் கொடுத்தார். இந்த ஊர்ல அதுதான் பழக்கமாம். டீட்ரிஷ் ஷ்டூபர்னு பெர்லின்ல ஒரு முன்னோடி இருந்தார், அவர் தொட்டியில வளத்த அக்ரோபோரா துண்டுகள் கைமாறிக் கைமாறிப் பல நாடுகளுக்குப் போயிருக்கு. ஒரு தொட்டியில செத்தாலும் இன்னொரு தொட்டியில இருக்கும்ல. "இதை ரொம்ப முன்னாலயே செஞ்சிருக்கணும், எனக்குக் கொடுக்க மனசு வரல"ன்னு சொன்னார்.

ஊருக்குப் போனப்ப ஆச்சிகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். தூத்துக்குடியில பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்குக் காளவாசல்ல போட்ட காலம் ஆச்சிக்கு நல்லா ஞாபகம் இருக்கு. 1986-ல மன்னார் வளைகுடாத் தீவு 21-ஐயும் தேசியப் பூங்காவுல சேத்தாங்க, 2001-ல பவளத்தை வனவிலங்குச் சட்டத்தோட முதல் பட்டியல்ல, புலியோட சேத்து வச்சாங்க. "அதைப் போய் ஒருத்தரு வீட்டுக்குள்ள வச்சு, அதுக்குச் சுண்ணாம்புத் தண்ணி ஊத்துதாரா!"ன்னு ஆச்சி சிரிச்ச சிரிப்பு இருக்கே. எங்க வீட்டுச் சுவருக்கு அடிச்ச சுண்ணாம்பு எங்க இருந்து வந்துச்சோ, நான் கேட்டுக்கல.

ஏழுல நாலு இப்ப இங்க இருக்கு. பெருசு என் ஆள்காட்டி விரலை விட நீளம், மூணு கிளை விட்டிருக்கு. பழைய எலும்பு மேலயே ஒட்டியிருக்கோம். சோடா டப்பா மாடியில என் துணி சோப்போட இருக்கு, நாட்ரோன் மட்டும்தான் கீழ. இன்னைக்குக் காலையில கே.எச். 7.9. நாளைக்கு ஞாயிறு, தண்ணி மாத்தணும். உப்பு இன்னும் கரைக்கல, பெரியவர் ரெண்டு தடவை மாடிப்பக்கம் பாத்துக் குரல் கொடுத்துட்டார். போயிட்டு வர்றேன் :-)